பாடைச் சுழி

வாரத்துக்கு விட்டது மாடானாலும் சரி, ஆடானாலும் சரி, ஓசூர்ப் பக்கத்தில் வழக்கம் ஒன்றுதான். முதல் ஈத்துக் கன்று உடையவருக்கு. இரண்டாம் ஈத்து, புல்லறுத்துப் போட்டு வளர்த்தவருக்கு. எழுத்தும் கிடையாது, கைநாட்டும் கிடையாது. ஆனால் குதிரையை வாரத்துக்கு விட்டவர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நாராயணப்பன் ஒருவர்தான். வாங்கி வளர்த்தவள் முனிலட்சுமி.

நாராயணப்பனுக்கு மத்திகிரி போகும் பாதையில் நாலு ஏக்கர் தோட்டம். சாமந்தியும் முட்டைகோசும் அவரையும் போட்டிருந்தார். பூவையும் காயையும் பெங்களூருக்கு ஏற்றிப்போக இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். மூன்றாவதாக வந்ததுதான் கெம்பி. நல்ல சிவப்பு நிறப் பெட்டைக் குதிரை. வந்தபோது பின்னங்கால் குளம்பு அழுகிச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. "தேறினா உன் யோகம், போனா என் நட்டம். வாரத்துக்கு வெச்சிக்க" என்று அவர் முனிலட்சுமியிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டார். அவள் அந்தத் தோட்டத்திலேயே ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, களை எடுத்து, பூப்பறித்து, குதிரைச் சாணத்தைப் பாத்திகளுக்கு அள்ளிக்கொட்டிப் பிழைத்தவள். வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைத்துக் கட்டி, இரண்டே மாதத்தில் கெம்பியை நாலு காலில் நிற்க வைத்துவிட்டாள்.

அவள் புருஷன் ராமப்பன் அடுத்தவர் ஜட்கா வண்டியை ஓசூர் பஸ் நிற்கும் இடத்தில் பதினாலு வருஷம் ஓட்டியவன். பஸ்கள் கூடியதும் வண்டிக்காரர் குதிரையை விற்றுவிட்டார். கூலி பாக்கிக்குப் பதிலாக, குதிரையில்லாத வண்டியை இவனிடம் தள்ளிவிட்டார். அந்த வண்டி குடிசைக்கு முன்னால் ஏர்க்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. சும்மா நிற்பானேன் என்று முனிலட்சுமி அதன்மேல் சுரைக்கொடியை ஏற்றிவிட்டிருந்தாள். கூண்டு முழுக்க இலை. சக்கரத்துக்கு நடுவில் காய் தொங்கும். "நம்ம குதிரை வர்ற அன்னிக்கு இந்தக் கொடியை நானே அறுப்பேன்" என்பான் ராமப்பன். அந்த ஒரு பேச்சை மட்டும் அவன் சிரிக்காமல் பேசுவான்.

கெம்பியின் முதல் ஈத்து செத்துப் பிறந்தது. குழி தோண்டிப் புதைத்தார்கள். நாராயணப்பன் வந்து பார்த்துவிட்டு, "போகட்டும் விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஈத்து அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில். ஆண் குட்டி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, தாயின் சிவப்பு. பிறந்த ஒரு நாழிகைக்குள் எழுந்து நின்று ராமப்பன் வேட்டியைச் சப்பியது. "ராசா" என்று பேர் வைத்தான். ஆனால் கேள்வி ஒன்று அந்தக் குட்டியோடு சேர்ந்தே பிறந்தது. செத்தது கணக்கில் சேருமா? சேருமென்றால் ராசா இரண்டாம் ஈத்து, முனிலட்சுமியுடையது. சேராதென்றால் ராசா முதல் ஈத்து, நாராயணப்பனுடையது.

போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்கிறவளாக இருந்தால் இந்தக் கதையே கிடையாது. அவளுக்கு எட்டு வயதில் நடந்தது ஒன்று உண்டு. அவள் அம்மா வாரத்துக்கு வாங்கி வளர்த்த பசு முதலில் செத்த கன்று போட்டது. அடுத்ததாக ஒரு கிடாரி. அம்மா கைகட்டி நின்று, "சாமி, இது எனக்குங்களா?" என்று கேட்டாள். "செத்ததை எவன் கணக்குல வெப்பான்?" என்று சொல்லிக்கொண்டே கிடாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டதால்தான் போயிற்று, கேட்காமல் இருந்திருந்தால் அவர்களுக்கே அந்த யோசனை வந்திருக்காது என்பது முனிலட்சுமியின் திடமான எண்ணம். அதிலிருந்து அவளை அசைக்க யாராலும் முடியாது.

புரட்டாசி பிறந்து இரண்டாம் சனிக்கிழமை. காலையில் பனித்தூறல் விழுந்து, சாமந்திப் பாத்திகள் மஞ்சளாய்க் கிடந்தன. ஆயுத பூஜைக்குப் பூ போக வேண்டும் என்று தோட்டமே பரபரத்தது. பக்கத்துப் பாத்தியில் பறித்துக்கொண்டிருந்த மாரம்மா, மடியில் பூவோடு நெருங்கி வந்தாள். அவளுக்கு வாய் நிற்காது, கையும் நிற்காது.

"அக்கா, விஷயம் தெரியுமா? பெங்களூர்ல இருந்து ஒரு ஆளு வந்தான். தொப்பி போட்டுக்கிட்டு. பந்தயக் குதிரைக்காரனாம்."

"வரட்டும். எனக்கென்ன?"

"உனக்கென்னவா? வேலிக்கு அந்தாண்ட நின்னு உன் குட்டியைத்தான் பாத்தான். காலைப் பாத்தான், மாரைப் பாத்தான். எசமான்கிட்ட குடுப்பீங்களான்னு கேட்டான்."

முனிலட்சுமியின் கை காம்பிலேயே நின்றது. "அவரு இன்னா சொன்னாரு?"

"ஆயுத பூஜை ஆவட்டும், அன்னிக்குத்தான் முடிவு பண்ணணும்னாரு."

"அப்படியேவா சொன்னாரு?"

"என் காதால கேட்டேன். வேணுமின்னா பெருமாளு திம்மராயசாமி மேல சத்தியம் பண்ணறேன், இன்னிக்குச் சனிக்கிழமைகூட."

"சனிக்கிழமை சத்தியம் பண்ணினா வாயி கோணிக்கும். பூவைப் பறி."

முனிலட்சுமி வெயில் ஏறும்வரை பறித்தாள். மூங்கில் கூடை நிறைந்து வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இந்தச் சீமையில் குதிரை என்றால் சுழி பார்க்காமல் யாரும் தொடமாட்டார்கள். மயிர் சுழித்து நிற்கும் இடத்தை வைத்துத்தான் மதிப்பு. நெற்றிச் சுழி ராஜயோகம். கழுத்துச் சுழி தேவலை. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நேருக்கு நேராக இரண்டு சுழி இருந்தால் மட்டும் பாடைச் சுழி. பாடைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்பதுபோல என்று கணக்கு. அது நிற்கிற வீட்டில் பிணம் விழும் என்பார்கள். அப்படிப்பட்ட குதிரையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது.

முனிலட்சுமிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததுதான் வினை.

மறுநாள் விடிகாலையில் ஏரிக்கரை ஆலமரத்தில் கத்தியால் கீறி, கொட்டாங்குச்சியில் பால் பிடித்தாள். பறவைக்குக் கண்ணி வைக்கிறவர்கள் பிடிப்பார்களே, அந்தப் பால்தான். ஒட்டினால் மழைக்கும் விடாது. ஒரு சொட்டு விளக்கெண்ணெய் கலந்து குழைத்தாள். ராசாவுக்கு அப்போது குட்டிமயிர், பஞ்சு மாதிரி. கெம்பியின் மடியில் வாய்வைத்து அது குடித்துக்கொண்டிருக்கும்போது, முதுகில் வலப்பக்கம் ஒரு இடம், இடப்பக்கம் ஒரு இடம், விரலால் சுற்றிச் சுற்றித் திருகினாள். முதல் நாள் நிற்கவில்லை. மூன்றாம் நாள் நின்றது. ஒன்பதாம் நாள் அவளே பார்த்துப் பயந்துபோனாள். பிறவியிலேயே வந்த சுழிபோல இருந்தது.

"கையெல்லாம் என்ன பிசுக்கு?" என்று ராமப்பன் கேட்டான்.

"பூக்காம்புப் பாலு. சாமந்தி பறிச்சா வரத்தான் செய்யும்."

"நானும்தான் பறிச்சேன். எனக்கு வரலியே?"

"நீ எங்க பறிச்சே? பாதி நேரம் குட்டியைக் கொஞ்சிக்கிட்டு நின்னே."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனிடமாவது அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று ராசாவை முனிலட்சுமியே குளிப்பாட்டினாள். மற்றக் குதிரைகளையும் குளிப்பாட்டி, அரிவாள் மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டிட்டு, துலுக்க சாமந்தி மாலை போட்டு வரிசையாக நிறுத்தினார்கள். நாராயணப்பனின் மனைவி சரோஜம்மாள் மஞ்சள் தண்ணீரும் சூடமும் கொண்டுவந்தாள். நடக்க முடியாத மாமியாரை, நாராயணப்பனின் தாயை, கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து வாசல் ஓரமாகப் போட்டிருந்தார்கள். சுழி பார்க்கிற திம்மராயன் வழக்கம்போல வந்தான். மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை எல்லாவற்றிலும் அவன் சொல்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவான்.

இரண்டு பெரிய குதிரைகளையும் பார்த்தான், தலையாட்டினான். கெம்பியைத் தட்டிக்கொடுத்தான். ராசாவிடம் வந்தான். நெற்றியைப் பார்த்ததும், "பேஷ்! சந்திரப் பொட்டு" என்றான். பக்கவாட்டில் நகர்ந்தான். அப்படியே நின்றான். பின்னால் இரண்டு அடி வைத்தான்.

"தேவுடா! எசமான், யாரும் தொடாதீங்க. அம்மாவைக் கட்டிலோட உள்ள தூக்குங்க."

"என்னய்யா?"

"பாடைச் சுழி. நேருக்கு நேரா நிக்குது. என் இருபத்தஞ்சு வருஷத்துல இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல."

கிட்டப் போய்த் தடவிப் பார்த்திருந்தால் விரலில் ஒட்டியிருக்கும், பொய் அங்கேயே அவிழ்ந்திருக்கும். பாடைச் சுழியை எவன் தொடுவான்? சரோஜம்மாள் கையிலிருந்த சூடத்தட்டு சாய்ந்து நெருப்பு தரையில் விழுந்தது. நாராயணப்பன் வேட்டியை உதறிக்கொண்டு ஐந்து அடி தள்ளி நின்றார்.

"முனிலச்சுமி," என்றார். "குட்டி உனக்குத்தான். ஓட்டிக்க."

அந்த வார்த்தைக்காகத்தானே இத்தனையும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், வாயில் வந்த சிரிப்பு தெரியக்கூடாதே என்று. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். சூடம் எரிந்து அணைகிற நேரம், அவ்வளவுதான் அந்த ஜெயிப்பு.

"ஆனா என் நிலத்துல நிக்கக் கூடாது," என்றார் நாராயணப்பன். "நாளைக்குள்ள கிளம்பிடணும். உன் குடிசையும்தான். குட்டி நிக்கிற இடம் என் வீட்டுக் காத்துல இருக்குது."

"எசமான், குட்டி பால் குடிக்குதுங்களே. கெம்பி..."

"ஈன்ற வயித்தை மட்டும் எப்படி வெச்சிக்கறது? திம்மராயா, அதைச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போ. கிடைச்ச விலைக்குத் தள்ளு."

ராமப்பன் ஓடிவந்து அவர் காலருகே உட்கார்ந்துவிட்டான். "சாமி, பொறந்த அன்னிக்கு நான்தான் தொடச்சு விட்டேன். அப்ப அப்படி ஒண்ணும் நான் பாக்கலைங்க."

"நீ பாக்காட்டி இல்லன்னு ஆயிடுமா?" என்றான் திம்மராயன். "குட்டி வளர வளரச் சுழி வெளிய வரும்ப்பா."

முனிலட்சுமிக்கு அப்போது சொல்ல வாய் வந்தது. நான்தான் ஒட்டினேன் என்று ஒரு வார்த்தை. ஆனால் ஆயுத பூஜையும் அதுவுமாக, முடியாமல் கிடக்கிற கிழவிக்கு முன்னால் பாடையைக் கொண்டுவந்து நிறுத்தியவள் என்று ஆகிவிடுமே. அப்போதும் துரத்தத்தான் செய்வார்கள்; குட்டியையும் பிடுங்கிக்கொண்டு துரத்துவார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

கெம்பியைத் திம்மராயன் ஓட்டிக்கொண்டு போனபோது ராசா ஓடைவரைக்கும் பின்னாலேயே ஓடியது. ஓடையில் புதுத்தண்ணீர். குட்டி இறங்கப் பயந்து கரையில் நின்று கத்தியது. அக்கரையில் கெம்பி திரும்பி நின்று, கயிற்றை இழுத்து, பின்னங்காலால் உதைத்தது. அழுகிப்போன குளம்பை இவள் தேற்றிக்கொடுத்தாளே, அதே காலால். திம்மராயன் சவுக்கால் ஒரு அடி வைத்தான். பிறகு கத்தல் மட்டும் கேட்டது, அதுவும் மேட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது.

ஏரிப் புறம்போக்கில் கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டார்கள். வண்டியைக் கொடியோடு அப்படியே தள்ளிக்கொண்டு வந்தான் ராமப்பன். வேர் அறுந்த கொடி வழியிலேயே வாடியது; புது இடத்தில் முனிலட்சுமி சக்கரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி மறுபடி சுரை போட்டாள். ராசாவுக்கு ஆட்டுப்பாலும் கேழ்வரகுக் கஞ்சியும் ஊற்றினாள். இரண்டு மாதம் சாகும், சாகும் என்றிருந்து பிழைத்தது. பிழைத்ததே தவிர வளர்த்தி நின்றுபோனது.

மார்கழியில் நாராயணப்பனின் தாய் செத்துப்போனாள். எண்பதைத் தாண்டியவள், மூன்று வருஷமாய்ப் படுக்கை. குட்டி பிறக்காமல் இருந்தாலும் அந்த மார்கழிக் குளிர் அவளை விட்டிருக்காது. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மாரம்மாவே மூக்கில் விரல் வைத்தாள். "சுழி பார்த்தியாக்கா! சொன்ன சொல்லு தப்பலையே."

தையில் குட்டிமயிர் உதிர்ந்தது. தடவினால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் புது மயிர், எண்ணெய் தடவினமாதிரி வழவழவென்று. முதுகில் சுழியும் இல்லை, சுழி இருந்த தடமும் இல்லை. முனிலட்சுமி அன்றைக்கே ராசாவைப் பிடித்துக்கொண்டு நாராயணப்பன் வீட்டு வேலிக்கு வெளியே போய் நின்றாள். உள்ளே போகவில்லை. திம்மராயனும் அங்கே ஏதோ மாடு பேச வந்திருந்தான்.

"எசமான், வந்து பாருங்க. சுழி இல்ல. எப்பவும் இருந்ததில்ல. ஆலம்பாலை வெச்சு நான்தான் ஒட்டவெச்சேன். குட்டியை நீங்க எடுத்துக்குவீங்கன்னு பயந்துட்டேன். தப்பு என்னுது. என்னைச் செருப்பால அடிங்க. கெம்பியை மட்டும் யாருக்கு வித்தீங்கன்னு சொல்லுங்க. குட்டிக்கு இருக்கிற கெட்ட பேரை எடுத்துவிடுங்க."

நாராயணப்பன் திம்மராயனைப் பார்த்தார். திம்மராயன் ஒரு மூச்சு யோசித்தான். இருபத்தைந்து வருஷத்துப் பேர் அவனுக்கும் இருந்தது.

"என் கண்ணு பொய் சொல்லுமா எசமான்? பொம்பள பொழைக்கத் தெரிஞ்சவ. குட்டியை விக்கணும், அதான் கதை கட்டறா. மேல இருந்த சுழி உள்ள போயிருக்குது. உள்சுழி. அது இன்னும் கெட்டது. கண்ணுக்குத் தெரியாம ஆளைத் தின்னும்."

"நான் சத்தியமா சொல்லறேங்க..."

"எங்கம்மா செத்து நாப்பது நாள்கூட ஆகல," என்றார் நாராயணப்பன். குரல் உயரவில்லை. "அது பொய்ச் சுழின்னு என் வாசல்ல வந்து நின்னு சொல்லறியா? அப்ப எங்கம்மா எதுக்குச் செத்தாங்க?"

முனிலட்சுமிக்கு வயதுக்குச் செத்தார்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சரோஜம்மாள் உள்ளே போய் எதையோ கொண்டுவந்து வேலிக்கு மேலாகப் போட்டாள். புதுத் தோலில் செய்த சின்னக் கழுத்துப்பட்டை. குட்டிக் கழுத்துக்கு அளவெடுத்தாற்போல. சுற்றிலும் பித்தளைச் சலங்கை, நாலு மாதமாய்த் தொடாமல் களிம்பேறிக் கிடந்தது.

"ஆயுத பூஜைக்குன்னு செய்யச் சொன்னது," என்றாள் அவள். "நல்ல நாள்ல கட்டிக் கையில குடுக்கணும்னு வெச்சிருந்தாரு. இந்த வீட்ல இது எதுக்கு இனிமே? எடுத்துக்கிட்டுப் போ."

யார் கையில் கொடுக்க? வளர்த்தவள் கையிலா, பெங்களூர்த் தொப்பிக்காரன் கையிலா? வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்களைக் கேட்டிருந்தால் அந்த நிமிஷம் தெரிந்திருக்கும். முனிலட்சுமி குனிந்து பட்டையை எடுத்தாள். கேட்க வாயைத் திறந்தாள். தன் அம்மா கைகட்டி நின்றது ஞாபகம் வந்தது. திரும்பி நடந்துவிட்டாள். அப்போதும் கேட்கவில்லை. சாகும்வரைக்கும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் ராமப்பனுக்கு முழுக்கதையும் சொன்னாள். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. கேட்டுக்கொண்டே ராசாவின் முதுகை ஒரு கையால் தடவினான். "பூக்காம்புப் பாலுன்னு சொன்னியே" என்றான். அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நம்ம குதிரை வர்ற அன்னிக்கு என்ற பேச்சையும் எடுக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, குட்டையாக இருந்தாலும் ராசா வண்டி இழுக்கிற பக்குவத்துக்கு வந்தது. ஒரு காலையில், அவளிடம் சொல்லாமலே, ராமப்பன் அரிவாளை எடுத்து வண்டியின் மேலிருந்த கொடியை அறுத்தான். காய்த்துக்கொண்டிருந்த கொடி. பிஞ்சோடு சேர்த்து இழுத்துப்போட்டான். கூண்டைத் துடைத்தான், அச்சுக்கு எண்ணெய் விட்டான். பட்டையைக் களிம்பு போகத் தேய்த்தான். ராசாவின் கழுத்துக்கு அது பத்தவில்லை. சலங்கையை மட்டும் கழற்றிக் கயிற்றில் கோத்துக் கட்டினான்.

பதினோரு நாள் ஓசூர் பஸ் நிற்கும் இடத்தில் வண்டி நின்றது. முதல் நாள் வெளியூர்க்காரர் ஒருவர் ஏறினார். பக்கத்து வண்டிக்காரன், "சாமி, அது பாடைக் குதிரை, புள்ளகுட்டிக்காரர் மாதிரி இருக்கறீங்க" என்றான். அவர் மூட்டையை இறக்கிக்கொண்டார். அப்புறம் யாரும் ஏறவில்லை. ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு, கைக்குழந்தையோடு ஒரு பெண் இரண்டு மைல் நடந்தே போனாள். ராமப்பன் அவள் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போய், "சும்மா ஏறும்மா, குழந்தை நனையுது" என்றான். அவள் நடையை இன்னும் வேகமாக்கினாள்.

பன்னிரண்டாம் நாள் அவன் போகவில்லை. ராசாவை அவிழ்த்துப் புல்லில் விட்டான். வண்டியை இருந்த இடத்துக்கே தள்ளி, ஏர்க்காலைத் தரையில் ஊன்றினான். மண்வெட்டியை எடுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் பழைய குழியையே தோண்டினான். குதிரைச் சாணத்தை அள்ளிப் போட்டான்.

முனிலட்சுமி வாசலில் நின்று பார்த்தாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த சுரை விதையை அவிழ்த்தபடி போனாள்.

"சுரை வேண்டாம்," என்றான் அவன், நிமிராமலே. "பூசணி போடு. அதுதான் கனமா இருக்கும். வண்டி எங்கயும் போவாது."